பதினாறரைக்குக் கீழே

டெல்ஃபினின் கட்டைவிரல் பொய் சொல்லாது என்று எங்கள் இலோயிலோ ஊரில் ஒரு பேச்சு உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷர் கையில் அப்படியொரு வித்தை இருந்தது. இஞ்சி தட்டிப்போட்ட தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, கெண்டைக்காலை மேலிருந்து கீழே ஒரு தடவை நீவினால் போதும். எங்கே சுளுக்கு, எங்கே குளிர் கட்டி நிற்கிறது, எவன் நேற்று தூங்காமல் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறான் என்பதுவரை சொல்லிவிடுவார். 'கடல் கழுகுகள்' கூடைப்பந்து அணிக்குப் படித்த டாக்டர் ஒருவரும் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வருவார், படம் எடுத்து வரச் சொல்லி எழுதிக் கொடுப்பார், போய்விடுவார். பையன்கள் காலை நீட்டியது டெல்ஃபினிடம்தான். கோச் லகுடாவும் ஆட்டத்தன்று, "இன்னிக்கு எவன் எவன் ஓடுவான்?" என்று அவரிடம்தான் கேட்பார்.

நீவுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை செய்து சூடேறிய கையைத் தண்ணீரில் வைக்கக் கூடாது. வைத்தால் பாஸ்மா பிடித்துவிடும். கை நடுங்கும், உள்ளங்கை ஓயாமல் வேர்க்கும், அப்புறம் அந்தக் கை எதற்கும் ஆகாது. முப்பது வருஷமாக டெல்ஃபின் இந்த விரதத்தைக் காத்து வந்தார். எண்ணெய்க் கையோடு ஜீப்னி வண்டியில் ஏறுவார். அவர் நீட்டும் காசை ஓட்டுநர்வரை கைமாற்றிக் கொடுக்கிற பயணிகள் மூக்கைச் சுளிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். இந்தக் கைதானே மகள் ஜோவெலினை நர்ஸ் படிப்புவரை கொண்டுவந்தது என்று ஒரு பெருமை.

அந்தக் கையைத்தான் மனுஷர் விற்றார். யாரிடம் விற்றார் என்றால், சொந்தக் கும்பாதிரியிடம்.

முந்தோ டயர்க் கடைக்காரன், சண்டைச் சேவல் வளர்ப்பவன், ஜோவெலினுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் கும்பாதிரிகள், ஒருவரையொருவர் 'பாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் டெல்ஃபின் வீட்டுக் கூரை அப்படியே பறந்து போனது. மூன்றாம் நாளே முந்தோ லாரியில் தகரம் கொண்டுவந்து, தானே மேலே ஏறி ஆணி அடித்தான். ஒரு பைசா வாங்கவில்லை. எங்கள் ஊரில் கடனை அடைத்துவிடலாம், நன்றியை அடைக்க முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் சரிதான். ஆனால் உப்பிட்டவன் என்றைக்கு வந்து எதைக் கேட்பான் என்று யாருக்குத் தெரியும்?

கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. போன மழைக்காலத்தில் பாச்சோய்க் கடையில் சூப்பும் நூடுல்ஸும் தின்றுகொண்டிருக்கும்போது, "அந்த ரெண்டாம் நம்பர் பையன் முட்டி எப்படி இருக்கு பாரே?" என்றான் முந்தோ. "வீங்கியிருக்கு, ஞாயித்துக்கிழமை பாதிதான் ஆடுவான்" என்றார் டெல்ஃபின். அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் பேசுகிற பேச்சு. அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் பன்றித் தொடையும் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கிய பிறகும் சொன்னார். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சூதாட்டம் எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? ஆட்டம் முடியும்போது இரண்டு அணியின் புள்ளிகளும் எந்த எண்ணில் முடியும் என்று கட்டம் போட்ட அட்டையை மீன் மார்க்கெட்டில் விற்கிறார்கள். சட்டப்படி குற்றம். போலீஸ்காரரே மச்சானை அனுப்பி ஒரு கட்டம் வாங்குவார். ஆனால் முந்தோ போட்டது அட்டை இல்லை. தலைநகர் மணிலாவில் யாரோ, எங்கேயோ, போன் வழியாகப் பந்தயம் வாங்கினார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு கோடு. இன்னார் இத்தனை புள்ளிக்கு மேலே எடுப்பானா, கீழே நிற்பானா? உள்ளிருந்து ஒரு வார்த்தை கிடைத்தவனுக்கு அது சூதாட்டமே இல்லை, அறுவடை. உடை மாற்றும் அறைச் சுவரில் லீக்குக்காரர்கள் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: அணியின் உள் விஷயத்தை வெளியே சொல்பவருக்கு ஆயுள் தடை. அந்தத் தாளுக்குப் பக்கத்து ஆணியில்தான் டெல்ஃபின் தன் துண்டை மாட்டுவார்.

அணியில் சாந்தோய் என்று ஒரு பையன். இருபத்துமூன்று வயது, எதிரே இருக்கும் கிமாராஸ் தீவுக்காரன். அப்பன் கடலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மா அவேலினா படகுத்துறையில் மாம்பழம் விற்று வளர்த்தாள். பந்தைக் கையில் வாங்கினால் மூன்று பேரைத் தாண்டிக் கூடையடிக்குப் போய்விடுவான். ஆட்டத்துக்குப் பதினேழு பதினெட்டுப் புள்ளி அவனுக்குச் சாதாரணம். அவன் நடந்து வந்தால் டெல்ஃபினுக்குத் தன் பிள்ளை நடந்து வருகிற மாதிரி இருக்கும். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து சாந்தோய் மேஜைமேல் குப்புறப் படுத்தான். டெல்ஃபின் இடது கெண்டைக்காலை நீவிக்கொண்டே குதிகாலுக்கு வந்தார். குதிகாலுக்கு நான்கு விரல் மேலே கட்டைவிரல் நின்றது. அங்கே இருக்க வேண்டிய நரம்பு, படகு கட்டுகிற கயிறு மாதிரித் திண்ணென்று இருக்கும். இப்போது அந்தக் கயிறு பிரிபிரியாக இருந்தது. தொட்ட இடம் கொதித்தது.

"என்னண்ணே, கை நின்னு போச்சு?" என்றான் சாந்தோய்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"காலைல எந்திரிச்சா கொஞ்சம். பத்தடி நடந்தா சரியாயிடும்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"மூணு வாரம்."

"அட கழுதை! மூணு வாரமா வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

சாந்தோய் எழுந்து உட்கார்ந்தான். "அண்ணே, கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு மணிலாவுலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. பெரிய லீக்குக்காரங்க. என்னைப் பாக்கத்தான் வர்றாங்க. ஒரே ஒரு ஆட்டம்ணே. அப்புறம் நீங்க படுன்னா படுக்கறேன், மாசக்கணக்கா படுக்கறேன்."

"அறுந்துதுன்னா ஆயுசுக்கும் படுக்கணும்டா."

"அறுந்துடுமா?"

டெல்ஃபின் எண்ணெய்க் குப்பியை மூடினார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போ" என்றார். பையன் அவர் எண்ணெய்க் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனான்.

அந்தக் கையோடு நேராகப் பாச்சோய்க் கடைக்குப் போனார். முந்தோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"மூஞ்சிலயே எழுதியிருக்கே பாரே. யாரு? சாந்தோயா?"

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். சூப்பு சூடாக இருக்கிறது என்று பேச்சை மாற்றியிருக்கலாம். "குதிகால் நரம்பு" என்றார் டெல்ஃபின். "நாளைக்குப் பாதி ஆட்டம் தாண்டாது."

முந்தோ கரண்டியைக் கீழே வைத்தான். "அவனுக்கு நாளைக்குப் போட்டிருக்கிற கோடு பதினாறரை. பதினாறுல வந்து நின்னு சண்டை வரக் கூடாதுன்னு அந்த அரை. நாம கீழே போடறோம். ஆனா ஒண்ணு பாரே. அவன் களத்துல இறங்கணும். ஒரு நிமிஷம் ஆடினாக்கூடப் போதும். இறங்காமலே உக்காந்துட்டான்னா பந்தயம் ரத்து, போட்டவனுக்குப் போட்டது திரும்பிடும். அதனால நீ ஒண்ணும் செய்ய வேணாம். வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்."

"பாரே, அது அறுந்தா பையன் பொழப்பு போச்சு."

"நீ சொல்லலைன்னா அவன் ஆட மாட்டானா? அவனே ஆடணும்னுதானே துடிக்கிறான்? நீ யாரு குறுக்க நிக்க?" முந்தோ சிரித்தான். நல்ல சிரிப்புதான், அவன் கெட்டவனே இல்லை. "அது கெடக்கட்டும். மழை வரப்போகுது. வீட்டுக் கூரை எப்படி இருக்கு? எங்கயாவது ஒழுகுதா? ஆள் அனுப்பவா?"

"ஒழுகல பாரே" என்றார் டெல்ஃபின்.

கெட்ட காரியம் ஒன்றைச் செய் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார். ஒன்றுமே செய்யாதே என்கிறவனிடம் எதை மறுப்பது? பையனே கேட்டுக்கொண்டான், நானா ஆடச் சொன்னேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீடு போனார். அந்தச் சமாதானமும் மறுநாள் காலைவரைக்கும்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சாந்தோய் அவரைத் தேடிக்கொண்டு வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"அண்ணே, நேத்து நான் சின்னப்பிள்ளை மாதிரி கெஞ்சிட்டேன். அம்மாகிட்ட போன்ல பேசினேன். அது ஒரே போடாப் போட்டுடுச்சு. 'மணிலா எங்கயும் ஓடிப்போகாது, காலு போனா வராது. டெல்ஃபின் அண்ணன் விரல் என்ன சொல்லுதோ அதைக் கேளு'ன்னுச்சு. அதனால நீங்களே சொல்லுங்க. ஆடாதேன்னா ஆடல. கோச்சுகிட்ட நானே சொல்லிக்கறேன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, குதிகாலை அவர் கையில் வைத்தான். சுற்றிலும் ஜனம் போய்க்கொண்டிருந்தது. டெல்ஃபின் கட்டைவிரலை வைத்தார். வைக்கவே வேண்டாம், நேற்றே தெரியும். இருந்தாலும் வைத்தார். இரவில் இன்னும் கொஞ்சம் பிரிந்திருந்தது. பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. மாதா முன்னால் இப்போதுதானே முழங்காலில் நின்று எழுந்து வந்தார்! நாக்கின் நுனிவரை வந்தது. முந்தோ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பானோ, மணிலாவில் யார் யார் போட்டிருப்பார்களோ, பந்தயம் ரத்தானால் அவன் என்ன பதில் சொல்வான், நான் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"ஆடு" என்றார் டெல்ஃபின். "கட்டு இறுக்கிப் போட்டு விடறேன். ஒண்ணும் ஆகாது. ஆடு."

"அதானே பாத்தேன்!" என்று சாந்தோய் துள்ளி எழுந்தான்.

ஆட்டம் மூன்று மணிக்கு. அரங்கம் முழுக்க விசிறி, மேளம், வியர்வை. ஏதோ தப்பு நடக்கிறது என்பது டெல்ஃபினுக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. சாந்தோய் பந்தைக் கூடையில் போட்டபோது மேளம் ஒரு நொடி தயங்கித்தான் அடித்தது. அடுத்த தடவை அதுவும் பாதியாகக் குறைந்தது. முந்தோவின் வாய் ஆணி குத்திய டயர். அவன் மச்சானிடம் சொல்ல, மச்சான் சேவல்காரர்களிடம் சொல்ல, மத்தியானத்துக்குள் மார்க்கெட்டே அறிந்திருந்தது. உள்ளிருந்து சேதி வந்திருக்கிறது, பையன் கால் இன்று போய்விடும், பதினாறரைக்குக் கீழே போடுங்கள். மீன்காரி முதல் ஜீப்னிக்காரன்வரை போட்டுவிட்டு, போட்டதைக் கண்ணால் பார்க்க டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கால் போகவில்லை. பாதி ஆட்டம் முடியும்போது சாந்தோய் பன்னிரண்டு புள்ளி எடுத்திருந்தான். மணிலாக்காரர்கள் இருவரும் முன்வரிசையில் தாளில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் மேஜைமேல் படுத்தவன் வாய் ஓயவில்லை. "பாத்தீங்களா அண்ணே? நாலாவது பந்து பாத்தீங்களா? அந்த தாடிக்காரர் எழுந்தே நின்னுட்டாரு!"

டெல்ஃபின் கட்டைப் பிரித்து விரலை வைத்தார். பிரிகளில் பாதிதான் மிச்சம். நடுவே ஒரு பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. போதும்டா சாமி, என்ன வந்தாலும் வரட்டும் என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது. பையனின் காதருகே குனிந்தார்.

"தம்பி, போதும். இதுக்கு மேல இறங்காதே."

"என்னது?"

"நரம்பு பாதி போயிடுச்சு. இன்னும் நாலு தாவு தாங்காது. நான் சொல்றதைக் கேளு. உக்காந்துடு."

சாந்தோய் திரும்பினான். "காலைல ஆடுன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"உங்க விரலா? தப்பா?"

பக்கத்துப் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொரு ஆட்டக்காரன் சிரித்தான். "டேய் சாந்தோய், உனக்கு விஷயம் தெரியாதா? மார்க்கெட்டே உன்மேல கீழே போட்டிருக்குடா. உன் கால் இன்னிக்குப் போயிடுமாம். யாரோ உள்ளேர்ந்து சொன்னாங்களாம். எங்க மாமியாகூடப் போட்டிருக்கு. கெழவி நம்ம டீம் தலையிலயே கை வெக்கிது!"

சாந்தோய் சிரிக்கவில்லை. மேஜையில் எழுந்து உட்கார்ந்து, தன் குதிகாலைப் பார்த்தான். அப்புறம் அதன்மேல் இருந்த கையைப் பார்த்தான். கணக்கு அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விழுந்ததை டெல்ஃபின் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப பன்னெண்டு" என்றான் மெதுவாக. "இப்ப உக்காந்தா பன்னெண்டோட முடிஞ்சுது. பதினாறரைக்குக் கீழே."

"தம்பி, நான் சொல்றதைக் கேளு..."

"இந்தக் காலை நேத்து யாரு தொட்டா? நீங்க மட்டும்தானே தொட்டீங்க?"

"ஆமாடா. நான்தான் சொன்னேன். சொன்னது நான்தான். அதுக்கு நீ என்ன வேணா செய். செருப்பால அடி. ஆனா இப்ப சொல்றது சத்தியம். மாதாமேல ஆணை, அறுந்துடும்டா."

"காலைல கோயில் வாசல்ல வெச்சுச் சொன்னதும் சத்தியம்தானே?" சாந்தோய் கட்டைத் தானே சுற்ற ஆரம்பித்தான். குரல் உயரவில்லை. "நேத்து சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். காலைல சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன் அண்ணே. இப்ப உங்க வாய்லேர்ந்து எது வந்தாலும் அது அவங்க வார்த்தை."

ஐயோ, உண்மையைச் சொன்னாலும் பொய்யாகத் தெரிகிற இடத்துக்கு ஒரு மனுஷன் வந்து சேர்ந்தால் அப்புறம் அவன் எங்கே போவான்? டெல்ஃபின் கோச்சிடம் ஓடினார். லகுடா பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"கோச், பையனை உக்கார வைங்க. நரம்பு தாங்காது."

"என்னய்யா விளையாடறியா? காலைல எல்லாரும் ஓடுவாங்கன்னு சொன்னது யாரு? நடுவுல என்ன புதுசா முளைச்சுது?"

"சொன்னேன் கோச், ஆனா..."

லகுடாவும் மார்க்கெட் சேதியைக் கேட்டிருந்தார் போலிருக்கிறது. டெல்ஃபினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன், நீயும் கீழே போட்டிருக்கியா?" என்று கேட்டுக் கடகடவென்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் வேடிக்கைக்குச் சிரித்தார்கள். சாந்தோய் மட்டும் சிரிக்காமல் எழுந்து களத்துக்குப் போனான்.

அந்த மாதிரி ஓர் ஆட்டத்தை அந்த அரங்கம் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. நல்ல ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், வெறி. பதினான்கு. சொந்த ஊர்ப் பையன் பந்தைப் போடுகிறான், சொந்த ஊரே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது. பதினாறு. "ஐயோ" என்று ஒரு பெண்பிள்ளை வாய்விட்டே கத்திவிட்டாள். எதிரணிக்கு வந்த நாற்பது ஐம்பது பேருக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்கள் விழித்தார்கள். டெல்ஃபின் பெஞ்சின் கோடியில் எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு, மாதாவே இவன் பந்தைப் பிடிக்காமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். அவருடைய வேண்டுதலும் முந்தோவின் வேண்டுதலும் ஒன்றாக இருந்தன. அந்த வெட்கமும் அவருக்கு உறைத்தது.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் பந்து மறுபடியும் சாந்தோயிடம் வந்தது. இரண்டு பேரைத் தாண்டினான், எழும்பினான், போட்டான். பதினெட்டு. இறங்கியவன் பெஞ்சைப் பார்த்தான். டெல்ஃபினைத்தான் பார்த்தான். போதுமா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓட முதல் அடி வைத்தான்.

பட்டென்று ஒரு சத்தம். மேல் வரிசைவரை கேட்டது என்கிறார்கள். யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்துவிட்ட மாதிரி சாந்தோய் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அப்புறம்தான் விழுந்தான்.

மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "விழறதுதான் விழுந்தே, ரெண்டு நிமிஷம் முன்னாடி விழுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா!"

டெல்ஃபின் ஓடினார். கையில் குப்பியோடு, முப்பது வருஷமாக ஓடிய அதே ஓட்டம். மண்டியிட்டுக் கையை நீட்டினார். சாந்தோய் நல்ல காலால் தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

"தொடாதீங்க. அந்தக் கையால தொடாதீங்க."

வலியில் பிதற்றுகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தூக்குக் கட்டில் வந்தது. மணிலாக்காரர்கள் தாளை மடித்துப் பையில் வைத்தார்கள்.

உடை மாற்றும் அறையில் ஒருவரும் இல்லை. மூலையில், கணுக்கால் வீங்கியவர்களுக்காக வைத்திருந்த பெரிய வாளி நிறைய பனிக்கட்டியும் தண்ணீரும். டெல்ஃபின் சட்டைக் கையைக்கூட மடக்காமல் இரண்டு கைகளையும் முழங்கைவரை உள்ளே விட்டார். எண்ணெய் மேலே மிதந்தது. பிடிக்கட்டும், பாஸ்மா பிடிக்கட்டும், சாகிறவரை நடுங்கட்டும், ஒரு கரண்டி சூப்பைக்கூட வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் போகட்டும். கை மரத்து, வலித்து, வலியும் போனது. அப்படியே நின்றார்.

கதவருகே முந்தோ எட்டிப் பார்த்தான். திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தார். திட்டட்டும், அடிக்கட்டும், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"விடு பாரே" என்றான் முந்தோ. "போனது போச்சு. உன் விரல் சரியாத்தான் சொல்லிச்சு, பையன்தான் கொஞ்சம் அடம் பிடிச்சுட்டான். அடுத்த ஞாயிறு செபு டீம்காரங்க வர்றாங்கல்ல, நம்ம நெட்டையன் முதுகு எப்படி இருக்குன்னு மட்டும் பாத்து வை." சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஆணியிலிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டான். "கையை எடு, சளி பிடிச்சுக்கப் போகுது."

டெல்ஃபின் கையை வெளியே எடுத்துப் பார்த்தார். வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. நடுங்கவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனார். உள்ளே நுழையும்போதே மாம்பழ வாசனை அடித்தது. அவேலினா முதல் படகைப் பிடித்து வந்து, மகன் கட்டிலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா அண்ணே! உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். இவன் வாயையே தொறக்க மாட்டேங்கறான். டாக்டரு படத்தைக் காட்டி என்னமோ சொல்றாரு, ஆபரேசன்ங்கறாரு, ஒரு வருசம்ங்கறாரு, அதுக்கப்புறமும் சொல்ல முடியாதுங்கறாரு. எனக்கு அந்தப் படமெல்லாம் என்ன புரியுது? நீங்க தொட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன்."

சாந்தோய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று டெல்ஃபினுக்கு விளங்கவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாமே, இவள் இந்தக் கூடையால் என் மண்டையில் அடித்திருப்பாளே என்று இருந்தது.

"இல்லம்மா, டாக்டர் பாத்துட்டாரு, நான் எதுக்கு..."

"அட, வாங்கண்ணே." ஆபரேஷனுக்கு முன்னால் பார்ப்பதற்காகக் கட்டைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். அவளே போர்வையை விலக்கினாள், அவளே அவர் கையைப் பிடித்துக் குதிகாலுக்கு மேலே வைத்தாள். "என்ன இது, கை இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள்.

கட்டைவிரல் உள்ளே அமிழ்ந்தது. கயிறு இருந்த இடத்தில் வெறும் குழி. அறுந்த நுனி மேலே எங்கோ சுருண்டு ஏறிவிட்டது. சாந்தோயின் கால் ஒரு தடவை விறைத்தது. ஆனால் அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை, தொடாதே என்று சொல்லவும் இல்லை.

"என்னண்ணே சொல்லுது?" என்றாள் அவேலினா. "மறுபடி ஆடுவானா?"

டெல்ஃபின் பையனின் முதுகைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அந்தத் தாயின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஆடுவான்" என்றார்.

சுவர்ப் பக்கமிருந்து சாந்தோயின் குரல் வந்தது. "கேட்டியாம்மா? அண்ணன் விரல் பொய் சொல்லாது."

அவேலினா சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். மகனுக்குக்கூட முதலில் கொடுக்கவில்லை. கத்தியால் வகுந்து, முதல் துண்டை டெல்ஃபின் கையில் வைத்து, "சாப்பிடுங்கண்ணே, எங்க மரத்துது" என்றாள்.

வாங்கிச் சாப்பிட்டார். ரொம்ப இனிப்பாக இருந்தது.